ஒரு படி குறைந்த ஊருணி

முள்ளிக்கேணியில் கேணி கிடையாது, முள் உண்டு. சீமைக்கருவேலம் ஊரைச் சுற்றி வளைத்து, வயலுக்குள் புகுந்து, வயல் போதாமல் ஊருணிக்குள்ளும் இறங்கி நின்றது. பேர் வைத்தவன் எந்தக் காலத்தில் எந்தத் தண்ணீரைப் பார்த்து வைத்தானோ, அவனும் போய், தண்ணீரும் போய், பேர் மட்டும் பேருந்து நிறுத்தத்துப் பலகையில் தங்கிவிட்டது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் பஞ்சவர்ணம். காலையில் அரிசி அளந்து போட்டு, மத்தியானம் பிள்ளைகள் தட்டைக் கழுவிக் கவிழ்க்கிற வரைக்கும் அவள் பள்ளிக்கூடத்துக்காரி, அதற்கு அப்புறம் ஊருக்காரி. புருஷன் செத்தவளுக்கு உதவித்தொகை, கால் விளங்காதவனுக்கு மூன்று சக்கர வண்டி, பிறந்ததற்குச் சான்று, செத்ததற்குச் சான்று, எதுவானாலும் கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு பேருந்து ஏறிப் போய், வெயிலில் நின்று, நாளைக்கு வா என்றால் நாளைக்கும் போய், வாங்கிக்கொண்டுதான் வருவாள். ஊரில் அவளுக்கு நல்ல பேர். நல்ல பேர் வாங்கினவளுக்கு நல்ல காலம் வரும் என்று எந்தச் சாத்திரத்திலும் எழுதியிருக்கவில்லை.

அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் சோலைராசு கரிமூட்டம் போடுகிறவன். வெட்டிப்போட்ட கருவேலத்தை அடுக்கி, மண் பூசி, தீ வைத்து, புகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிற தொழில் என்பதால் அவனுக்குப் பேச்சு குறைவு. பிள்ளை வளர்க்க வேண்டிய நேரத்தையெல்லாம் பஞ்சவர்ணம் ஊருக்குக் கொடுத்தாள். அவள் கேட்டதெல்லாம் கிடைத்தது, ஒன்றைத் தவிர. அது குடிதண்ணீர்க் குழாய். கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் எங்கெங்கோ சுற்றிப் பக்கத்து ஊரான சேந்தனேந்தல் வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுவிட்டது. முள்ளிக்கேணிப் பெண்கள் லாரி வந்தால் லாரிக்குப் பின்னால் ஓடினார்கள், வராவிட்டால் சேந்தனேந்தலுக்குக் குடத்தோடு நடந்து அந்த ஊர்க்காரிகளிடம் பேச்சு வாங்கினார்கள்.

குழாய்க்காக அவள் கொடுத்த மனுக்களை அடுக்கினால் ஒரு ஆள் உயரம் இருக்கும். ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், ஒன்றிய அலுவலகத்தில், அவள் நீட்டின மனுவை வாங்கின எழுத்தர் அதைப் படிக்காமல் நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த தன் மேசைக்காலுக்கு அண்டக் கொடுத்தார். மேசையை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. அப்புறம் நிமிர்ந்து, நீ என்ன தலைவரா, மெம்பரா, உனக்கு யார் இந்த வேலையைக் கொடுத்தது, உங்கள் ஊரில் ஆம்பிளையே இல்லையா, போய்ச் சோற்றுப் பானையைக் கழுவு என்றார். அங்கே நின்ற பத்துப் பேர் சிரித்தார்கள். பஞ்சவர்ணம் அழவில்லை. அவளுக்கு உடம்பு முழுக்க ஒரு குளிர் ஓடியது, அவ்வளவுதான். முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த முந்தானை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டினது ஒழுகியது, ஒழுகினது ஓடியது. எழுத்தர் தரையில் கிடந்த கோப்புகளை அவசரமாகத் தூக்கி மேலே வைத்துவிட்டு, வெளியே போய் நில்லும்மா, இங்கே நனைகிறது என்றார்.

பேருந்தில் நடத்துனர் அவளை உட்காரவிடவில்லை. நின்றுகொண்டே வந்து இறங்கினவளை முதலில் பார்த்தவள் பக்கத்து வீட்டு இருளாயி. பஞ்சவர்ணத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் பெண்டாட்டி, அதனால் மதினி. என்ன ஏது என்று கேட்பதற்கு முன்னால் இருளாயி வீட்டுக்குள் ஓடிக் குண்டானை எடுத்துவந்து முந்தானைக்குக் கீழே வைத்தாள். நிறைந்ததும் ஒரு கை அள்ளிக் குடித்தாள். தேங்காய்த் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றாள். அதற்குள் தெரு முழுக்கக் குடம் வந்துவிட்டது. எப்படி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை, இன்னும் எத்தனை குடம் வரும் என்றுதான் கேட்டார்கள். பஞ்சவர்ணமும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். அவள் நாக்குக்கு மட்டும் அது உப்பாக இருந்தது, கடல் தண்ணீர் மாதிரி இறங்க மறுத்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஊரே சந்தோஷமாகக் குடிக்கும்போது உப்பென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் தண்ணீர் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. முந்தானையைப் பிழிந்தார்கள், முறுக்கினார்கள், வேறு சேலை கட்டச் சொன்னார்கள், அய்யனாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு காலையில் லாரித் தண்ணீருக்கு வரிசை போட்டதில் குடம் முந்தி வைத்த தகராறு. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு, மதினியும் நாத்தனாளும் மட்டும் எந்த மூலை? கோபத்தில் இருளாயி அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாள். முப்பது வருஷமாக அந்த ஊரில் எல்லோர் மனசிலும் இருந்து யாரும் பஞ்சவர்ணத்தின் முகத்துக்கு நேரே சொல்லாத சொல்.

"புள்ள பெறாத மலட்டுச் சிறுக்கிக்கு எதுக்குடி ரெண்டு குடம் தண்ணி?"

வரிசை அப்படியே நின்றது. இருளாயி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். பஞ்சவர்ணத்தின் முந்தானையிலிருந்து தண்ணீர் கொட்டியது. அன்றைக்கு லாரிக்காரன் வந்த பாரத்தோடு திரும்பிப் போனான்.

கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்து, ஏசி, ஒப்பாரி வைத்தால் மழை இறங்கும் என்று அந்த ஊர் காலங்காலமாக நம்பிவந்தது. வைக்கோல் பொம்மைக்கே மனமிரங்குகிற வானம் உயிருள்ள மனுஷிக்கு இரங்காதா? ஆகவே காரணம் புரிந்துகொள்ள அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஊர்க்கூட்டம் போட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் குருந்தன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பஞ்சவர்ணத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, ஊருக்காக இதையும் தாங்கிக்கொள்ள வேண்டும் தாயி என்று கேட்டார். ஊருக்காக மனு கொடுத்தவள், ஊருக்காக வெயிலில் நின்றவள், ஊருக்காக ஏச்சு வாங்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வாள்? சரி என்றாள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச முறை வைக்கிற மாதிரி ஏச்சுக்கும் முறை வைத்தார்கள். திங்கட்கிழமை மேலத்தெரு, செவ்வாய் கீழத்தெரு, அப்புறம் காலனி, அப்புறம் கடைத்தெரு. முறைக்காரர்கள் காலையில் குளித்து, திருநீறு பூசி, பஞ்சவர்ணத்தின் வாசலுக்கு வந்து, மன்னிச்சுக்க ஆத்தா என்று முதலில் கும்பிடுவார்கள். அப்புறம் ஏசுவார்கள். அப்புறம் குடத்தை வைப்பார்கள். முடிந்ததும் திரும்பக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வாசலைக் கூட்டிக் கோலம் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

அவளுக்கு வலித்தது. முறைக்கு ஏசுகிற ஏச்சுதானே, நாடகத்தில் ராஜாவை அடிக்கிற மாதிரிதானே என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். ஆனால் பொய்யாக ஏசினால் தண்ணீர் வரவில்லை. உள்ளபடிக்கு, மனசில் இருப்பதைத் தோண்டி எடுத்துச் சொன்னால்தான் வந்தது. ஆகவே ஒவ்வொரு காலையிலும் ஊர் தன்னைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறது என்பதை அவள் வாசலில் நின்று கேட்டாள். உதவித்தொகை வாங்கிக் கொடுத்தவளிடம் அந்தக் கைம்பெண் வந்து, நீ எனக்கு வாங்கிக் கொடுத்தது உன் பெருமைக்கு என்றாள். அது நாலு குடம். மூன்று சக்கர வண்டிக்காரன் அதே வண்டியில் உருண்டு வந்து, என் கால் போனதால்தானே உனக்கு நாலு ஆபீசில் பேர் தெரிந்தது என்றான். அது ஆறு குடம். உள்ளதைச் சொன்னால் உடம்பெல்லாம் எரிச்சல் என்பார்கள், அவளுக்கு எரியவில்லை, குளிர்ந்தது, ஒழுகியது. அன்றாடம் எல்லோரும் போனபிறகு சோலைராசு அவளுக்கு மட்டும் கேனில் விற்கிற தண்ணீரைக் கடையிலிருந்து வாங்கிவந்து செம்பில் ஊற்றிக் கொடுப்பான். ஏன் உனக்கு மட்டும் கடைத்தண்ணீர் என்று அவன் கேட்டதில்லை. அவனுக்குத்தான் பேச்சு குறைவாயிற்றே.

சொல்லுக்கும் தேய்மானம் உண்டு. மலடி என்ற சொல் முதல் நாளில் ஒரு தெருவுக்கே தண்ணீர் கொடுத்தது, ஆடி மாதத்தில் ஒரு செம்புக்கு வந்துவிட்டது, ஆவணியில் முந்தானை ஈரமாகக்கூட ஆகவில்லை. புதுச்சொல் தேடினார்கள். வாய்க்கொழுப்புக்குப் பேர்போன ஒருவனைத் திருவாடானைப் பக்கத்திலிருந்து பேருந்துச் செலவு கொடுத்து அழைத்துவந்து, கோழியடித்துச் சோறு போட்டு ஏசவிட்டார்கள். அவனுக்கு அவளைத் தெரியாது, அதனால் அவன் வாயில் வந்ததெல்லாம் வெறும் கெட்டவார்த்தை. யானைப் பசிக்குச் சோளப்பொரி. நன்றாகத் தெரிந்தவர்களால் மட்டும்தான் முடியும் என்று அப்போதுதான் ஊருக்கு விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது. ஒரு நாள் இருளாயி பழைய பாசத்தில் நண்டுக்குழம்பு கொண்டுவந்து பஞ்சவர்ணத்துக்கு ஊற்றிச் சாப்பிட வைத்தாள். அன்றைக்கும் மறுநாளும் ஒரு சொட்டு வரவில்லை. ஊர் இருளாயியைக் கூப்பிட்டு விசாரித்தது. அதன் பிறகு பஞ்சவர்ணத்தைக் கல்யாணத்துக்கு அழைக்கக் கூடாது, காதுகுத்துக்கு அழைக்கக் கூடாது, எதிரே வந்தால் சாப்பிட்டியா என்று கேட்கக் கூடாது என்று முடிவானது. குழந்தைகளுக்கும் சொல்லிவைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அத்தை முட்டை என்று கையை நீட்டுகிற பிள்ளைகள், அத்தையைச் சொல்லாமல் முட்டையை மட்டும் கேட்டார்கள்.

இந்த நிலைமையில்தான் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. முள்ளிக்கேணித் தலைவர் பதவி இந்த முறை பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். குருந்தன் கவலைப்படவில்லை, தன் பெண்டாட்டி தமயந்தியை நிறுத்தினார். சுவரொட்டியில் தமயந்தியின் படம் ஸ்டாம்பு அளவுக்கும் குருந்தனின் படம் கதவு அளவுக்கும் இருந்தது. எழுத்தர் கேட்ட கேள்வி பஞ்சவர்ணத்தின் காதில் இன்னும் இருந்தது, நீ என்ன தலைவரா. தலைவர் கையெழுத்துப் போட்டால், தீர்மானம் போட்டு அனுப்பினால், சேந்தனேந்தலில் நிற்கிற குழாய் வந்துதானே ஆக வேண்டும்? குழாய் வந்துவிட்டால் யாரும் யார் வாசலிலும் வந்து நிற்க வேண்டியதில்லை. திறந்தால் தண்ணீர், மூடினால் நிம்மதி. அவளைப் பார்த்து யாராவது சாப்பிட்டியா என்று கேட்பார்கள். அதற்காகத்தான் நின்றாள், நாற்காலிக்காக இல்லை. அரசுச் சம்பளத்தில் இருந்துகொண்டு நிற்க முடியாது என்றதால் இருபத்திரண்டு வருஷத்து வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு மனுத்தாக்கல் செய்தாள். பண்டக அறைச் சாவி குருந்தனின் தம்பி மருமகள் கைக்குப் போனது. குலுக்கலில் பஞ்சவர்ணத்துக்குக் குழாய்ச் சின்னம் கிடைத்தது. கும்பிடப் போன சாமி குறுக்கே வந்தது என்று நினைத்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வீடு வீடாகப் போய் முந்தானையை ஏந்தி ஓட்டுக் கேட்டாள். எந்த முந்தானைக்குக் கீழே குடம் வைத்தார்களோ அதே முந்தானை. ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வந்தவளை ஏசுவது அந்த ஊரில் வழக்கம் இல்லை. எதிரியானாலும் உட்காரச் சொல்லி, திருநீறு கொடுத்து, போட்டுவிடுகிறோம் என்றுதான் சொல்வார்கள். எல்லோரும் சொன்னார்கள். சிலர் தாம்பாளத்தில் சூடம் ஏற்றி, அணைத்துச் சத்தியமே செய்தார்கள். மூன்று சக்கர வண்டிக்காரன் உனக்கு இல்லாமல் யாருக்கு என்று கண்கலங்கினான். பஞ்சவர்ணம் எல்லாவற்றையும் நம்பினாள். ஆபீஸ் ஆபீசாக அலைந்து எவனையும் நம்பாமல் பழகினவள், சூடத்தை நம்பிவிட்டாள். முகம் தெளிந்தது, கன்னம்கூடக் கொஞ்சம் பூரித்தது. அந்த நாட்களில் அவள் முந்தானையில் தண்ணீர் வரவே இல்லை.

ஊர் வறண்டது. திரும்பவும் லாரிக்குப் பின்னால் ஓடினார்கள். சேந்தனேந்தல்காரிகள், என்ன, உங்க ஊர் அதிசயம் நின்னுபோச்சா என்று கேட்டுச் சிரித்தார்கள். அப்போது ஒருநாள், குடத்தை இடுப்பில் வைத்து நடந்துகொண்டிருந்த பெண்களுக்கு நடுவில், இருளாயிதான் அதைச் சொன்னாள். யோசித்துச் சொல்லவில்லை, கால்வலியில் சொன்னாள்.

"செயிச்சுட்டான்னா அஞ்சு வருசமும் சந்தோசமாவுல்ல இருப்பா."

எல்லோருடைய நடையும் ஒரு நிமிஷம் நின்று, அப்புறம் தொடர்ந்தது. அந்தப் பேச்சு அன்றைக்கே அடுப்படிகளுக்குள் போனது, டீக்கடைக்குப் போனது, கரிமூட்டத்துப் புகைக்குள் போனது. குழாய் வரும் என்று யார் கண்டது? எத்தனை தலைவர்கள், எத்தனை கையெழுத்து. பறக்கிறதுக்கு ஆசைப்பட்டு இருக்கிறதை விடுவானா எவனாவது? அவள் முந்தானை கண் முன்னால் இருக்கிறது. மலடி என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஒரு தெருத் தண்ணீர் என்றால், ஒரு ஊரே சேர்ந்து சூடமடித்துச் சத்தியம் பண்ணி, ஒரு ஊரே சேர்ந்து கைவிட்டால் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டவன் யார் என்று இன்றுவரை தெரியாது. கூட்டம் போடவில்லை, யாரும் யாரிடமும் கேட்கவில்லை, யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஊர் முழுக்க ஒரே நினைப்பு நினைக்க அந்த ஊருக்கு நன்றாகத் தெரியும்.

தேர்தலுக்கு முந்தின வாரம் ஊருணியைத் தூர்வாரினார்கள். கருவேலத்தை வேரோடு பிடுங்கி, வண்டலை அள்ளி, இடிந்த படிக்கட்டுகளுக்குச் சிமெண்டு பூசி, கரையை உயர்த்தினார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் கட்டாயம். ஓட்டுக் கேட்டுவிட்டு வெயிலில் வந்துகொண்டிருந்த பஞ்சவர்ணம் கரைமேல் நின்று பார்த்தாள். உள்ளே மண்வெட்டியோடு குருந்தனின் ஆட்களும் நின்றார்கள், சோலைராசும் நின்றான். எதற்கு என்று கேட்டாள். தண்ணி வந்தா நிப்பாட்ட எடம் வேணும்ல ஆத்தா என்றான் ஒருவன். எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். குருந்தனின் ஆட்களே குழாய்த் தண்ணீருக்கு இடம் வெட்டுகிறார்கள் என்றால் இனி வெற்றிக்கு என்ன குறை? தானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கி, பொழுது சாய்கிற வரைக்கும் மண் சுமந்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஓட்டுப்போடுகிற அன்று அவள் பொட்டு வைத்து, பட்டுச்சேலை கட்டிப் போனாள். மறைப்புக்குள் நின்று, குழாய்ச் சின்னத்தில் முத்திரையை அழுத்தி, மை மற்றப் பக்கம் ஒட்டாமல் மடித்துப் பெட்டிக்குள் போட்டாள். தனக்கென்று அவள் வாழ்க்கையில் எதையும் கேட்டதில்லை. அந்த முத்திரை ஒன்றுதான் அவள் அவளுக்கே கொடுத்துக்கொண்டது.

வாக்கு எண்ணிக்கை ஒன்றிய அலுவலகம் இருக்கிற ஊர்ப் பள்ளிக்கூடத்தில். ஊர் வேன் பிடித்து அவளை முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனது. மடியில் யாரோ ஒரு ரோஜாமாலையைக்கூட வைத்திருந்தார்கள். மத்தியானத்துக்குள் எண்ணி முடித்துவிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஒலிபெருக்கியில் வாசித்தார். தமயந்தி குருந்தன், ஊரில் விழுந்த செல்லத்தக்க ஓட்டுகள் எத்தனையோ அத்தனையும், ஒன்று நீங்கலாக. பிறகு பஞ்சவர்ணம் என்று சொல்லி நிறுத்தினார், தாளை இன்னொரு தரம் பார்த்தார், நிமிர்ந்து யார் அந்த அம்மா என்று கூட்டத்தில் தேடினார், அப்புறம் மெதுவாக, ஒன்று என்றார்.

அந்த ஒன்று யாருடையது என்று அவளுக்குத் தெரியும். ஆகவே யாருடையது இல்லை என்பதும் தெரிந்துபோனது. இருளாயியுடையது இல்லை. வண்டிக்காரனுடையது இல்லை. திரும்பி, சோலைராசைப் பார்த்தாள். அவன் தன் கையில் அப்பியிருந்த கரியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

குளிர் அவளுக்கு உள்ளங்காலில் இருந்து ஏறியது. அதைப் பார்த்துவிட்ட பெண்கள் வெளியூரில் சிந்திவிடக் கூடாதே என்று அவள் முந்தானையைச் சுருட்டி, இறுக்கி முடிச்சுப் போட்டு, கையைப் பிடித்து வேனில் ஏற்றினார்கள். வேன் பறந்தது. ஊருணிக் கரையில் நிறுத்தி, பச்சைப்பிள்ளையை இறக்குகிற பக்குவத்தில் இறக்கி, படிக்கட்டின் தலைப்படியில் நிறுத்தி, முடிச்சை அவிழ்த்தார்கள். அன்றைக்கு வந்தது சொட்டும் இல்லை, ஒழுக்கும் இல்லை, மடைதிறந்த வெள்ளம். எங்கேயாவது ஏரி உடைந்ததா என்று வெளியூர்க்காரன் கேட்கிற சத்தத்தில் கொட்டியது. அடியிலிருந்த படி மறைந்தது, அடுத்த படி மறைந்தது, வெடித்த மண் வாயைத் திறந்து குடித்துக் குடித்து மூடிக்கொண்டது, தவளைகள் எங்கே இருந்தனவோ வந்துசேர்ந்தன, பிள்ளைகள் குதித்தார்கள், பெண்கள் குலவையிட்டார்கள், மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்தன. குருந்தன் தன் கழுத்திலிருந்த வெற்றி மாலையைக் கழற்றிப் பஞ்சவர்ணத்தின் கழுத்தில் போட்டார். செயிச்சது நீதான் தாயி என்றார். ஊர் முழுக்க அவளைக் கும்பிட்டது. கேன்தண்ணீர்க் கடைக்காரன் இனி இங்கே என்ன வியாபாரம் என்று அன்று மாலையே பலகையைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிட்டான்.

பொழுது விழுகிற நேரத்தில் தண்ணீர் நின்றது. அவள் நின்ற தலைப்படிக்கு ஒரு படி கீழே நின்றது. ஊர் காத்திருந்தது. முந்தானையை உதறிப் பார்த்தார்கள். சிமெண்டு பூசின தலைப்படி காய்ந்து கிடந்தது, அதை நனைக்காமல் ஊருணி நிறைந்ததாக ஆகாது. ஏன் ஒரு படி குறைகிறது என்ற முணுமுணுப்பு எழுந்தது. யாரோ அந்த ஒன்றைச் சொன்னார்கள். ஒரு ஓட்டு விழுந்திருக்கிறதே. அது விழாமல் இருந்திருந்தால் நிறைந்திருக்கும். எவன் அந்தத் துரோகி? ஊர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. முதலில் இருளாயியைக் கேட்டார்கள், அவள் தன் பேரன் தலையில் கைவைத்து நான் இல்லை என்றாள். அப்புறம் எல்லோரும் சோலைராசைப் பார்த்தார்கள். கட்டின பெண்டாட்டி, மனசு கேட்காமல் குத்தியிருப்பான். சூடம் கொண்டுவந்தார்கள். சோலைராசு ஏற்றின சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, ஊரறியச் சொன்னான், நான் போடவில்லை. சூடம் பொய் சொல்லவிடாது என்று ஊர் நம்பியது. அந்தச் சூடத்தில் மட்டும் அது உண்மை.

"நான்தேன் போட்டேன்" என்றாள் பஞ்சவர்ணம். "எனக்கு நானே போட்டுக்கிட்டேன்."

யாரும் கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. பாவம், தெரியாமல் பண்ணிவிட்டாள் என்று பார்க்கிற பார்வைதான் எல்லோர் கண்ணிலும் இருந்தது. சோலைராசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கல்யாணமான புதிதில் கூப்பிட்ட பேரைச் சொல்லி, எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம், அவள் தோளில் கைவைத்தான்.

"அதுக்கென்ன வர்ணம். அடுத்த எலக்சன்லயும் நில்லு. அந்த ஒன்னை மட்டும் போட்டுக்கிறாத."

ஊர் ஆமாம் என்று தலையாட்டியது. முந்தானையிலிருந்து தண்ணீர் இறங்கியது, சத்தமில்லாமல், எண்ணெய் இறங்குகிற மாதிரி. தலைப்படி நனைந்தது, மறைந்தது, அவள் கணுக்கால் மறைந்தது. குலவைச் சத்தம் சேந்தனேந்தல் வரைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள்.

அவளுக்குத் தாகமாக இருந்தது. காலையில் வேன் ஏறினதிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. குனிந்து ஊருணியில் ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள், உப்பு, துப்பினாள். கேன்கடை இருந்த இடத்தில் ஆணி அடித்த ஓட்டைகள்தான் இருந்தன. வீட்டுக்குப் போய் மாலையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, குழாய் வந்து நின்றுபோன சேந்தனேந்தலைப் பார்த்து நடந்தாள். ஈரத்தலையோடு கரையில் நின்ற ஊர் அவள் தனியாகப் போவதைப் பார்த்தது. எங்கே போகிறாய் என்று கேட்கப் பல பேருக்கு வாய் வந்தது. கேட்டால் அது பிரியமாகிவிடும், ஊருணி வற்றிவிடும் என்று பயந்து, ஒருவரும் கேட்கவில்லை.